400 பேர்... 4.25 நொடி... வானில் நடந்த சாதனையை ஏன் இன்னும் யாராலும் முறியடிக்க முடியவில்லை?

2006 பிப்ரவரி 8. தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள உடோன் தானி நகரின் மேலே ஐந்து ராணுவ விமானங்கள் வரிசை கட்டிப் பறந்தன. அவற்றில் இருந்து 400 பேர் குதித்தார்கள். யாரும் பாராசூட்டைத் திறக்கவில்லை. கீழே விழுந்துகொண்டே ஒருவர் கையை இன்னொருவர் பிடித்து, ஒருவர் காலை இன்னொருவர் பற்றி, முன்பே காகிதத்தில் வரைந்து வைத்திருந்த ஒரு பிரம்மாண்ட உருவமாக மாறினார்கள். அந்த உருவம் முழுசாக இருந்தது வெறும் 4.25 நொடி. அதற்குள் 400 பேரும் சேர்ந்து 200 மீட்டருக்கு மேல் கீழே விழுந்திருப்பார்கள்.

31 நாடுகளைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து செய்த இந்தச் சாதனைக்கு வயது சுமார் 20 ஆகிறது. அதன் பிறகு கேமராக்கள் மாறிவிட்டன, பாராசூட்கள் மாறிவிட்டன, காற்றைக் கீழிருந்து ஊதிப் பறக்கப் பழக்கும் விண்ட் டனல்கள் உலகம் முழுக்க வந்துவிட்டன. ஆனால் அந்த 400 மட்டும் அப்படியே நிற்கிறது. ஏன்? அதைப் புரிந்துகொள்ள, முதலில் இந்த விளையாட்டில் என்னதான் நடக்கிறது என்று பார்க்கணும்.

விழும்போது எப்படி நகர முடியும்?

ஸ்கைடைவிங் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது பாராசூட்தான். ஃபார்மேஷன் ஸ்கைடைவிங்கில் பாராசூட் கடைசிக் காட்சி. ஆட்டமே அதற்கு முன்னால்.

வயிறு தரையைப் பார்க்க, கை கால்களை விரித்து விழுபவரின் வேகம் மணிக்கு 190 முதல் 200 கிலோமீட்டர் வரை போய் அங்கேயே நின்றுவிடும். காற்றின் எதிர்ப்பும் புவியீர்ப்பும் சமமாகிவிடுவதுதான் காரணம். இந்த நிலையில் உடம்பு ஒரு விமான இறக்கை மாதிரி வேலை செய்யும். காலை நீட்டினால் முன்னால் போகலாம். கையை முன்னால் நீட்டி அழுத்தினால் பின்னால் போகலாம். உடம்பைக் குறுக்கினால் வேகமாக விழலாம், விரித்தால் வேகம் குறையும். பக்கத்தில் இருப்பவரும் அதே வேகத்தில் விழுவதால், இருவரும் ஒருவருக்கொருவர் அசையாமல் மிதப்பது போலத் தெரியும்.

இதில் செய்யவே கூடாத தப்பு ஒன்று உண்டு. உருவத்தின் மட்டத்தைத் தாண்டிக் கீழே போய்விடுவது. மேலே இருப்பவர் வேகமாக விழுந்து மற்றவர்களை எட்டிப் பிடிக்கலாம். கீழே போனவர் மற்றவர்களைவிட மெதுவாக விழுந்தால்தான் திரும்ப மட்டத்துக்கு வர முடியும். கை கால்களை முழுக்க விரித்தாலும் அது பல நேரம் நடக்காது. அதனால்தான் எடை அதிகமுள்ளவர்கள் தொளதொள ஜம்ப்சூட் போடுகிறார்கள். ஒல்லியானவர்கள் இடுப்பில் ஈயக் கட்டிகளைக் கட்டிக்கொண்டு குதிக்கிறார்கள்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாதது. விழும் ஒருவரின் முதுகுக்கு நேர் மேலே காற்று கலங்கிப்போய் இருக்கும். அந்த இடத்துக்குள் தெரியாமல் நுழைந்தவருக்குத் தாங்கும் காற்று இருக்காது. கீழே இருப்பவர் முதுகிலேயே போய் விழ வேண்டியதுதான். ஒரு ஆள் இருந்தாலே இப்படி என்றால், 300 பேர் சேர்ந்த உருவத்துக்கு மேலே என்ன நிலைமை என்று யோசித்துப் பாருங்கள்.

தொடக்கம் ஒரு சின்னக் கட்டை

இவ்வளவு பெரிய விஷயத்தின் ஆரம்பம் ரொம்பவே சாதாரணமானது. 1958-ல் வட அமெரிக்காவில் இரண்டு ஸ்கைடைவர்கள் விழுந்துகொண்டே ஒரு கட்டையைக் கைமாற்றினார்கள். ரிலே ஓட்டத்தில் கொடுப்பார்களே, அதே மாதிரி. இருவர் காற்றில் ஒருவரை ஒருவர் நெருங்க முடியும் என்பதற்கு அதுவே அன்றைக்குப் பெரிய நிரூபணம்.

அடுத்து வட்டம். 1965 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஆர்வின் என்ற ஊரில் எட்டுப் பேர் கைகோத்து ஒரு வட்டமாக விழுந்தார்கள். இதை 'ஸ்டார்' என்று அழைத்தார்கள். எட்டுப் பேர் ஸ்டாரில் இடம்பிடித்தவர்களுக்கு எண் போட்ட தனி அடையாளப் பட்டை தரும் வழக்கமும் அதை ஒட்டியே வந்தது. இன்று அனுபவசாலிகள் ஒரு மதிய நேரத்தில் செய்துவிடக்கூடிய விஷயம்தான். ஆனால் அந்தக் காலத்தில் யார் எந்த வேகத்தில் விழுவார் என்பதற்குக் கணக்கே கிடையாது. பலமுறை மோதிக்கொண்டும் சிதறியும்தான் கற்றுக்கொண்டார்கள்.

1975-ல் மேற்கு ஜெர்மனியின் வாரண்டார்ஃபில் இதற்கென முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. போட்டி ஒரு பக்கம் வளர, 'எத்தனை பேர்' என்ற கேள்வி தனியாக வளர்ந்தது. 1983-ல் ஃப்ளோரிடாவின் டிலேண்டில் 72 பேர். 1986-ல் ஒக்லஹோமாவின் மஸ்கோகீயில் 100. 1988-ல் இல்லினாயின் குவின்சியில் 144. 1992 அக்டோபரில் தென் கரோலினாவின் மிர்ட்டில் பீச்சில் 200.

இந்த வேகத்துக்குத் துணிச்சல் மட்டும் காரணம் இல்லை. பழைய வட்டவடிவ பாராசூட்டை காற்று அடிக்கும் திசைக்குத்தான் விட வேண்டியிருக்கும். 1960-களில் உருவான செவ்வக வடிவ பாராசூட் பரவலான பிறகு, இறங்குபவர் தான் போக வேண்டிய இடத்துக்குத் தானே திருப்பிக்கொண்டு போக முடிந்தது. நூறு பேர் ஒரே நேரத்தில், ஒரே மைதானத்தை நோக்கி இறங்குவதற்கு அது அடிப்படைத் தேவை. 1991-ல் ஜெர்மனியில் இருந்து சந்தைக்கு வந்த 'சைப்ரஸ்' என்ற சிறு கருவி இன்னொரு காரணம். ஒருவர் மயங்கிவிட்டாலும், தரையில் இருந்து சுமார் 225 மீட்டர் உயரத்துக்கு வரும்போதும் வேகம் குறையவில்லை என்றால், அதுவே ரிசர்வ் பாராசூட்டைத் திறந்துவிடும்.

297 பெரிதா, 246 பெரிதா?

இங்கதான் கதையில் ஒரு விசித்திரம். 1996-ல் ரஷ்யாவின் கருங்கடல் கரையில் உள்ள அனாபாவில் 300 பேர் உருவத்துக்கான முயற்சி நடந்தது. 297 பேர் இணைந்துவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, 1998 ஜூலையில், இல்லினாயின் ஒட்டாவா என்ற ஊரில் 246 பேர் இணைந்தார்கள். அதிகாரப்பூர்வ உலக சாதனை என்று பதிவானது இரண்டாவதுதான்!

297-ஐ விட்டுவிட்டு 246-ஐ எப்படிச் சாதனை என்கிறார்கள்? பதில் விதிமுறையில் இருக்கிறது. விமான விளையாட்டுச் சாதனைகளை அங்கீகரிப்பது எஃப்.ஏ.ஐ. என்ற சர்வதேச அமைப்பு. 1905-ல் தொடங்கப்பட்டது, தலைமையகம் சுவிட்சர்லாந்தின் லோசானில். குதிப்பதற்கு முன்பே உருவத்தின் வரைபடத்தை நடுவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். எத்தனை பேர், யார் எந்த இடம், யார் யாருடைய கையை அல்லது காலைப் பிடிக்கணும் என்று எல்லாமே அதில் இருக்கும். பிறகு மேலிருந்து எடுத்த படங்களையும் வீடியோவையும் வைத்து ஒவ்வொரு பிடியையும் நடுவர்கள் சரிபார்ப்பார்கள். எல்லாருமே, ஒரே நொடியில், சொன்ன இடத்தில் இருக்கணும். மூன்று பேர் வெளியே நின்றால் '297 பேர் சாதனை' என்று கணக்கு வைக்க மாட்டார்கள். 300 பேர் முயற்சி தோல்வி, அவ்வளவுதான்.

புள்ளிக்கோலம் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கோலம் தப்புதான். மிச்சப் புள்ளிகளில் அழகாக இழை ஓடினாலும்கூட!

இந்த விதி கொஞ்சம் கறாராகத் தோன்றலாம். ஆனால் இது இல்லாமல் போனால், ஆயிரம் பேரைத் தள்ளிவிட்டு அதில் எத்தனை பேர் ஒட்டிக்கொண்டார்கள் என்று எண்ணும் விளையாட்டாக மாறிவிடும். அது எவ்வளவு ஆபத்து என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

99 சதவீதம் போதாது

எண்ணிக்கை கூடக் கூட ஏன் கஷ்டம் தாறுமாறாக ஏறுகிறது என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டிவிடும். ஒவ்வொருவரும் நூறு குதிப்பில் 99 முறை தன் இடத்துக்குச் சரியாகப் போய்விடுவார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல திறமைசாலிகள்தான், இல்லையா?

எட்டுப் பேர் என்றால், முயற்சி முழுசாக வெற்றி பெற 92 சதவீதம் வாய்ப்பு. நூறு பேர் என்றால் அது 37 சதவீதமாகக் குறையும். இருநூறு பேருக்கு 13. நானூறு பேருக்கு? 2 சதவீதத்துக்கும் கீழே.

நானூறு பேரை வைத்துக்கொண்டு மூன்றில் இரண்டு முறை ஜெயிக்க வேண்டும் என்றால், ஒவ்வொருவரும் ஆயிரத்தில் 999 முறை தப்பே செய்யாதவராக இருக்கணும். நிஜ வாழ்க்கையில் காற்று, மேகம், விமானத்தின் இடைவெளி என்று இன்னும் நிறைய உண்டு. கணக்கு அதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

இதனால்தான் இந்தச் சாதனை முகாம்களில் மனதைக் கஷ்டப்படுத்தும் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு குதிப்புக்குப் பிறகும் குழு முழுக்க உட்கார்ந்து வீடியோ பார்க்கும். யார் தாமதமாக வந்தார், யார் கீழே போனார், யார் வேகமாக வந்து இடித்து உருவத்தையே அலையாட வைத்தார் எல்லாம் திரையில் தெரிந்துவிடும். ஒரே தப்பு திரும்ப நடந்தால் அந்த ஆளை எடுத்துவிட்டு, காத்திருப்புப் பட்டியலில் இருப்பவரை உள்ளே விடுவார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் சொந்தக் காசைப் போட்டு, வேலைக்கு லீவு போட்டு, உலகத்தின் இன்னொரு மூலையில் இருந்து வந்தவர்கள். சாதனைக் குதிப்பன்று சிலர் தரையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பட்டியலில் அவர்கள் பெயர் வராது.

ஏன் தாய்லாந்து?

300 என்ற எண்ணை அதிகாரப்பூர்வமாக முதலில் தொட்டது அமெரிக்காதான். 2002 டிசம்பர் 12, அரிசோனாவின் எலாய். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் பெரிய சாதனைகள் தாய்லாந்தில்தான் நடந்தன. 1999 டிசம்பரில் உபோன் ராட்சதானியில் 282 பேர். 2004 பிப்ரவரியில் தாக்லியில் 357 பேர். பிறகு 2006-ல் உடோன் தானியின் 400.

தாய்லாந்தில் நடந்த இந்த முயற்சிகளின் பின்னால் இருந்தது 'வேர்ல்ட் டீம்' என்ற பன்னாட்டுக் குழு. அதை ஒருங்கிணைத்தவர் பி.ஜே. வொர்த். பெயர் தெரியாவிட்டாலும் இவரை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. 'எ வியூ டு எ கில்' ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஈஃபிள் கோபுரத்தில் இருந்து பாராசூட்டோடு ஒருவர் குதிப்பாரே, அந்த ஸ்டண்ட் இவருடையது.

தாய்லாந்தின் பலம் அதன் விமானப் படை. சாதாரண ஸ்கைடைவிங் மையங்களில் ஓடும் ட்வின் ஆட்டர் விமானத்தில் இருபத்துச் சொச்சம் பேர்தான் ஏற முடியும். 400 பேருக்கு அப்படி 18 விமானம் வேண்டும். 18 விமானங்களை நெருக்கமாக ஒரே வேகத்தில் பறக்க வைப்பது ஒரு தலைவலி என்றால், பக்கவாட்டுக் கதவு வழியாக ஆட்கள் சில பேராகத்தான் வெளியேற முடியும் என்பது இன்னொரு தலைவலி. சி-130 ஹெர்குலிஸ் ராணுவப் போக்குவரத்து விமானத்தில் பின்பக்கம் சாய்தளம் மாதிரி முழுசாகத் திறந்துவிடும். ஒரு விமானத்துக்கு 80 பேர் கணக்கில் ஐந்தே விமானங்கள் போதும். கூட்டம் அலை மாதிரி வெளியே கொட்டிவிடும்.

இதில் ஒவ்வொரு நொடியும் முக்கியம். பத்து நொடி தாமதமாகக் குதித்தவர், முதலில் குதித்தவரைவிட ஏறத்தாழ அரை கிலோமீட்டர் மேலே இருப்பார். அந்தத் தூரத்தைத் தலைகீழாகப் பாய்ந்து கடந்து, கடைசியில் பிரேக் போட்டு, மெதுவாக வந்து கையைப் பிடிக்கணும்.

தாய்லாந்து ராயல் விமானப் படை இதற்காகத் தன் ஹெர்குலிஸ் விமானங்களைத் தந்தது. மன்னர் பூமிபோல் அரியணை ஏறிய 60-ம் ஆண்டுக் கொண்டாட்டத்தின் பகுதியாக 2006 நிகழ்ச்சி நடந்தது. ஒரு நாட்டின் அரச குடும்பக் கொண்டாட்டமும், அதன் ராணுவமும், ஒரு விளையாட்டுக் குழுவின் கனவும் ஒரே புள்ளியில் சந்தித்தது ரொம்ப அபூர்வம். 400-ன் ரகசியம் பாதிக்கு மேல் இதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

25,000 அடிக்கு மேலே

வழக்கமான ஸ்கைடைவிங் 13,000 அடி அளவில் நடக்கும். கீழே விழ ஒரு நிமிடம் கிடைக்கும். 400 பேர் கட்டி முடிக்க அது போதாது. அதனால் உடோன் தானியில் 25,000 அடிக்கு மேலே போனார்கள். நீலகிரியின் தொட்டபெட்டா சிகரத்தைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு உயரம். அப்படியும் கையில் இருப்பது ஏறத்தாழ ஒன்றரை நிமிடம்தான்.

அந்த உயரத்தில் ஆக்சிஜன் இல்லாமல் இருந்தால் மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் மூளை தெளிவாக வேலை செய்வது நின்றுவிடும். மூச்சு முட்டுவது போலக்கூடத் தெரியாது, சில பேருக்கு உற்சாகமாகவே இருக்கும். அதுதான் ஆபத்து. அதனால் விமானத்தில் குதிக்கும் கடைசி நேரம் வரை குழாய் வழியாக ஆக்சிஜன் போய்க்கொண்டே இருக்க வேண்டும். வெளியே குளிர் உறைநிலைக்கு 20 டிகிரிக்கும் கீழே. பின்கதவு திறந்ததும் அந்தக் குளிர் நேராக உள்ளே வரும். விரல் மரத்துப்போனால் பிடி எப்படி நிற்கும்?

பிரிவதும் ஒரு கலை

உருவம் சேர்ந்தாச்சு, கை தட்டியாச்சு என்று முடித்துவிட முடியாது. பயப்பட வேண்டிய பகுதி அதற்கு அப்புறம்தான் வருகிறது. 400 பேர் ஒரே இடத்தில் பாராசூட்டைத் திறந்தால் என்ன ஆகும்?

அதனால் பிரிவதற்கும் வரைபடம் உண்டு. பொதுவாக 7,000 அடியை ஒட்டி வெளிவட்டத்தில் இருப்பவர்கள் முதலில் திரும்பி, உடம்பை அம்பு மாதிரி ஆக்கி, மையத்தை விட்டு விலகிப் பறப்பார்கள். சில நொடி கழித்து அடுத்த அலை. அதற்குப் பிறகு அடுத்தது. ஒவ்வொரு அலைக்கும் பாராசூட் திறக்கும் உயரம் வேறு. பிறகு தரையில் இறங்கும் இடமும் பிரிவு வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும்.

இவ்வளவு திட்டம் இருந்தும் விபத்து நடக்கவே செய்கிறது. 1987 ஏப்ரலில் அரிசோனாவின் கூலிட்ஜ் அருகே காற்றில் மோதி ஒரு பெண் மயங்கிவிட்டார். அதைப் பார்த்த பயிற்சியாளர் ஒருவர் தலைகீழாகப் பாய்ந்து, அவரை எட்டிப் பிடித்து, பாராசூட்டைத் திறந்துவிட்டார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். எல்லா நாளும் அப்படி அமையாது. 2014 ஏப்ரலில் எலாயில் 222 பேர் சாதனை முயற்சியின்போது ஒரு வீராங்கனையின் பிரதான பாராசூட்டில் கோளாறு ஏற்பட்டது. ரிசர்வ் பாராசூட் முழுசாக விரியப் போதுமான உயரம் இல்லை. அவர் உயிரிழந்தார்.

அப்படியானால் 500?

முதல் தடை நேரம். இன்னும் நூறு பேர் வேண்டும் என்றால் ஒன்று இன்னும் மேலே போகணும், அல்லது இன்னும் வேகமாகச் சேரணும். மேலே போகப் போக ஆக்சிஜன் சிக்கல் பெரிசாகும். வேகமாக வந்தால் மோதல் கூடும். இரண்டாவது விமானம். ஐந்துக்கு மேல் ஹெர்குலிஸ் விமானங்களை, பயிற்சி நாட்களையும் சேர்த்து, ஒரு விளையாட்டுக்காக ஒதுக்க எந்த நாட்டு ராணுவம் முன்வரும்? 2006-ல் தாய்லாந்துக்கு அதற்கு ஒரு காரணம் இருந்தது. பணத்தைத் திரட்டிவிடலாம். அப்படி ஒரு காரணத்தை உருவாக்குவது கஷ்டம்.

ஆனால் இந்த விளையாட்டு அங்கேயே நின்றுவிடவில்லை. 'எத்தனை பேர்' என்பதை விட்டுவிட்டு 'எப்படி' என்ற கேள்விக்கு நகர்ந்துவிட்டது. தலைகீழாக விழுந்துகொண்டே இணைவது அதில் ஒன்று. அந்த நிலையில் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரையும் தாண்டும், சின்னத் தப்புக்கும் தண்டனை பெரிது. 2012-ல் ஒட்டாவாவில் 138 பேர் இதைச் செய்தார்கள். அதே இடத்தில் 2015-ல் 164 பேர்.

பெண்கள் மட்டுமே சேர்ந்து 2009 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் பெரிஸில் 181 பேர் உருவம் கட்டினார்கள், மார்பகப் புற்றுநோய்க்கு எதிரான நிதி திரட்டலோடு சேர்த்து. 2007 நவம்பரில் ஃப்ளோரிடாவின் லேக் வேல்ஸில் நடந்தது இன்னும் வேற மாதிரி. பாராசூட்டைத் திறந்த பிறகு, ஒருவர் பாராசூட்டின் மேல் இன்னொருவர் காலை ஊன்றி, 100 பேர் ஒரு வைர வடிவத்தைக் கட்டினார்கள்.

2017 ஏப்ரலில் பெரிஸில் 217 பேர் செய்தது பார்க்க எளிதாகத் தெரியும். கூடி, ஒரு உருவம் கட்டி, பிடியை விட்டு, இன்னொரு உருவம் கட்டி, மறுபடி விட்டு, மூன்றாவதையும் கட்டினார்கள். ஒரே குதிப்பில், மூன்று வரைபடம். 400-ல் பாதிதான் ஆட்கள், ஆனால் தப்பு நடக்க மூன்று வாய்ப்பு.

அதே பெரிஸில் 2023-ல் 101 பேர் ஒரு உருவம் கட்டினார்கள். அந்தக் குழுவில் சேர ஒரே ஒரு தகுதி கூடுதலாகத் தேவைப்பட்டது: வயது 60-ஐத் தாண்டியிருக்கணும்.